சீசன் டிக்கட் ஆடு

கொட்டாஞ்சேனை,
20 ஜனவரி 2025

வெள்ளவத்தை வீட்டுக்காரருக்கு,

நான் என் சிநேகிதி றோஸி வீட்டில் இருக்கிறேன். சுகம். வெள்ளிக்கிழமை காலை பையோடு படியிறங்கியபோது, "குடை எடுத்தனீரோ?" என்று மட்டும் கேட்டீர்கள். ஆகவே நான் ஏன் வந்தேன் என்று உங்களுக்கு விளங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு பேப்பரில் உங்கள் பேட்டி அரைப் பக்கத்துக்கு வந்தது. கையால் கீறிய கார்ட்டூன் படங்களின் மூத்த இயக்குநர் கதிர்காமநாதன் என்று தலைப்பு. நல்ல சந்தோசம். கடைசியில் பேட்டி எடுத்த பிள்ளை, அடுத்த படம் எப்போது என்று கேட்டிருக்கிறது. "இனி இல்லை. மனைவிக்கு ஓய்வு வேண்டும், அதனால் நிறுத்திவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நான் எப்போது ஓய்வு கேட்டேன்? பொங்கலுக்கு வந்த சனமெல்லாம் உங்கள் கையை நான் முறித்துவிட்டது போலப் பார்த்தது. மரக்கறிக்காரரும், "அம்மா, ஐயாவை விடுங்கோவன், இன்னொரு படம் எடுக்கட்டும்" என்கிறார்.

எனக்கு வேண்டியது அதுதானே. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் படத்துக்குப் பதிலாக என்னை இயக்குகிறீர்கள். தோசையைத் திருப்பினால், "கொஞ்சம் மெதுவாத் திருப்பும்". கதவைத் திறந்தால், "இன்னொருக்காத் திறவும், முதல் கைதான் தெரிய வேணும்". போன மாதம் மீன்காரரை இரண்டு தரம் படியேற வைத்தீர்கள்.

மேசையில் தாள் வைத்து ஒரு கோடாவது கீறிய அன்று நான் வீட்டுக்கு வருவேன். போன் எடுக்க வேண்டாம். போனில் நீங்கள் 'ம்' போடுவீர்கள், நான் கத்துவேன். இந்தக் கட்டிடத்தின் கீழ் மாடியில் இருக்கும் புவாத், ஓட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் வெள்ளவத்தைக்கு வருகிறார். அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரிஜ்ஜில் கீழ்த் தட்டில் கத்தரிக்காய்க் குழம்பு இருக்கிறது.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
21 ஜனவரி

நாகேஸ்வரி,

புவாத் வாசலில் நிற்கிறார். "அன்ட்டி மிச்சம் கோவத்துல ஈக்கிறாங்க அங்கிள், பதில் இல்லாம வர வேணாமாம்" என்கிறார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

பேட்டியில் அப்படிச் சொன்னது, உண்மையான பதில் நீளமானது என்பதால். எனக்கு எழுபது வயது. ஒரு நிமிடப் படத்துக்கு நூற்றுக்கணக்கில் கீற வேண்டும் என்று உமக்குத் தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம், கதை இல்லை. நாய், பூனை, முயல், எலி எல்லாவற்றையும் உலகத்தில் யாரோ கீறி முடித்துவிட்டார்கள். கதை இல்லாதவன் பென்சில் தீட்டக் கூடாது.

நீர் இல்லாததால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மிளகாய்த் தூள் போத்தல்களை நிறத்தின்படி அடுக்கினேன். தேத்தண்ணி வடியைத்தான் காணவில்லை. கைக்குட்டையால் வடிக்கிறேன், தோய்த்த கைக்குட்டைதான்.

குடையைப் பற்றிக் கேட்டது, வானம் இருண்டிருந்தபடியால்.

கதிர்காமநாதன்


கொட்டாஞ்சேனை,
23 ஜனவரி

கைக்குட்டையில் தேத்தண்ணி வடிக்கும் பெரியவருக்கு,

நீங்கள் நிறத்தின்படி அடுக்கிய போத்தல்களுக்குப் பின்னால் பாருங்கள். வடி அங்கேதான் இருக்கும். புவாத் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தாராம். நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

கதை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, வங்கியில் வேலை பார்த்தவள். ஆனால் இன்று காலை நடந்ததை யாருக்காவது சொல்ல வேண்டும். றோஸி பக்கத்தில் நின்று பார்த்தபடியால் அவளுக்குச் சொல்ல முடியாது.

நாங்கள் இருவரும் கண் டொக்டரிடம் போக பஸ் ஹோல்ட்டில் நின்றோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு ஆடு. மண்ணிறம், ஒரு காது வெள்ளை. யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். புறக்கோட்டை பஸ் வந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். மூன்றாவதாக அந்த ஆடு ஏறியது. கொண்டக்டர் எல்லாருக்கும் சொல்வது போல அதற்கும், "இஸ்ஸரஹட்ட யன்ன" என்றார். ஆடு சொன்னபடி முன்னுக்குப் போனது. நம்முடைய சனம் எப்போது அப்படிப் போயிருக்கிறது?

மிதிபலகையில் நின்ற டை கட்டிய ஒருவர், "ஆட்டையெல்லாம் பஸ்ஸில ஏத்துறதா?" என்றார். "ஏயா சீசன், மஹத்தயா" என்றார் கொண்டக்டர். அதனிடம் சீசன் டிக்கட் இருக்கிறதாம். பஸ் போய்விட்டது.

ஒவ்வொரு நாளும் போகிறதாம், பின்னேரம் வேறு பஸ்ஸில் திரும்பி வருகிறதாம். எங்கே போகிறது என்று றோஸிக்கும் தெரியாது. நாங்கள் கண் டொக்டரிடம் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனோம். அவர் என் கண்ணில் தண்ணீர் கூட என்று மருந்து எழுதிவிட்டார்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
24 ஜனவரி

நாகேஸ்வரி,

வடி கிடைத்தது.

ஆட்டுச் சம்பவம் வாசித்தேன். பரவாயில்லை. ஒரு தகவலுக்காக மட்டும் கேட்கிறேன். ஏறும்போது முதலில் எந்தக் காலை வைத்தது? நான்கு காலும் உள்ளே போனபின் பஸ் புறப்பட்டதா, அல்லது பின்னங்கால் வெளியே இருக்கும்போதேயா? பிரேக் போட்டால் என்ன செய்கிறது? ஆடுகளுக்குப் பிடிக்கக் கம்பி இல்லையே. தாடி இருக்கிறதா? கொண்டக்டரை நிமிர்ந்து பார்க்கிறதா, தெரியாதது போல இருக்கிறதா?

அவசரமில்லை. திங்கட்கிழமை புவாத் வருவார்தானே.

கதிர்காமநாதன்


கொட்டாஞ்சேனை,
28 ஜனவரி

அன்புள்ள அவருக்கு,

நேற்றும் இன்றும் உங்களுக்காகவே ஹோல்ட்டில் போய் நின்றேன். இன்றைக்கு பஸ்ஸில் ஏறி இரண்டு ஹோல்ட் தூரம் போய் இறங்கினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் வலது முன்கால். பிறகு கொஞ்சம் யோசனை, ஏதோ அடுப்பை அணைத்தேனா என்று நினைப்பது போல. பிறகு மற்ற மூன்றும் ஒன்றாக. பஸ் அதற்குக் காத்து நிற்கிறது, எனக்கு நிற்கவில்லை. பிரேக் போட்டால் பக்கத்தில் நிற்பவரின் மேல் சாய்கிறது. இன்றைக்கு ஒரு நேர்ஸ் பிள்ளை அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது, யார் யாருக்குப் பிடிமானம் என்று சொல்ல முடியாது. கொண்டக்டரைப் பார்ப்பதே இல்லை. தாடி இருக்கிறது, ஆனால் அது பெண் ஆடு. அடுத்த ஒழுங்கையில் மீன் விற்கும் மாக்ரெட்டின் ஆடு. எங்கே போகிறது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும் அக்கா, அது தன்ட பாட்டுக்குப் போகுது, தன்ட பாட்டுக்கு வருது. நான் கேக்கிறதில்ல" என்றாள். புருசனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் விரலெல்லாம் கறுப்பாக இருந்தது, கதவு திறக்க நேரம் சென்றது, மேசையில் எதையோ பேப்பரால் மூடினீர்கள் என்று புவாத் சொல்கிறார். கீறுகிறீர்களா? சொன்ன சொல் மாறமாட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
29 ஜனவரி

நாகேஸ்வரி,

கீறவில்லை. விரல் கறுத்தது குறுக்கெழுத்துப் போட்டியால்.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம். பிழையாக எடுக்காதேயும். நீர் வருவது எனக்கு விருப்பந்தான். ஆனால் அந்த ஆடு எங்கே போகிறது? அது தெரியாமல் நடுவில் விட்டுவிட்டு வந்தால் யார் பார்ப்பது? றோஸிக்கு வேலை இருக்கும். உமக்கு அங்கே காற்றும் நன்றாக ஒத்துக்கொள்கிறது போல இருக்கிறது. இன்னும் ஒரு கிழமை நின்றால் நல்லது.

இறங்கும்போது எந்தக் கால் என்றும் பாரும்.

கதிர்காமநாதன்


கொட்டாஞ்சேனை,
3 பெப்ரவரி

மனுசியை வீட்டுக்கு வர வேண்டாம் என்று எழுதிய மனுசருக்கு,

உங்கள் கடிதத்தை றோஸிக்கு வாசித்துக் காட்டினேன். "இந்த மனுசனோட நீ எப்பிடி இவ்வளவு வருசம் இருந்தனி?" என்று கேட்டாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, அந்த ஆடு எங்க போகுதெண்டு பாப்பம்" என்றாள்.

புறக்கோட்டையில் இறங்கியது. இடது கால். சனத்துக்குள் எங்களால் நடக்க முடியவில்லை, அது நடந்தது. மூட்டை சுமக்கிறவர்கள் வழி விடச் சொல்லி எங்களைப் பார்த்து "பார, பார" என்று கத்தினார்கள், ஆட்டுக்கு வழி விட்டார்கள். வெங்காயக் கடை, பருப்புக் கடை எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே ஒரு மொத்த வெற்றிலைக் கடைக்குள் போய்த் தராசுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது.

கடை முதலாளி கண்ணாடியைத் தூக்கி, "மனேஜர் இண்டைக்கி லேட்டு" என்றார். அங்கே அதன் பெயர் மனேஜர். உதிர்ந்த வெற்றிலையைத்தான் தின்னுமாம், கட்டிய கட்டில் வாய் வைக்காதாம். வியாபாரிகள் விலை பேசும்போது தலையாட்டுமாம். "அது தலையாட்டினா நான் வெல கொறைக்கிறதில்ல" என்றார். எங்களுக்கு இஞ்சிப் பிளேன்ரீ தந்தார். நான் எத்தனையோ வருடம் அந்தத் தெருவுக்குப் பின்னால் உள்ள வங்கியில் வேலை செய்திருக்கிறேன். எங்கள் மனேஜர்களில் ஒருவரும் இவ்வளவு அமைதியானவர் இல்லை.

சரி, ஆட்டை விடுவோம். எனக்கு ஒரு பதில் வேண்டும். முன்பெல்லாம் நீங்கள் கீறிய தாள்களைக் குசினிக்குள் கொண்டுவந்து, என் மூக்குக்கு முன்னால் புரட்டிக் காட்டுவீர்கள். நான் சிரித்தால் வைப்பீர்கள், சிரிக்காவிட்டால் கிழிப்பீர்கள். குடைப் படம் அப்படி வந்தது. றெயில் படமும் அப்படித்தான். அதைத் திரையிட்ட நாளிலிருந்து பதினொரு வருடமாக நீங்கள் பென்சிலைத் தொடவில்லை. கதை இல்லை என்பது சாட்டு. நான் கேட்காத ஓய்வை ஏன் என் தலையில் கட்டினீர்கள்?

எனக்கு இன்னொரு படம் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது எழுதிவிட்டேன்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
5 பெப்ரவரி

நாகேஸ்வரி,

நேற்று விடுமுறை, புவாத் வரவில்லை. நல்லதாகப் போயிற்று. இதை எழுத எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது.

முதல் திரையிடலில் நான் படம் பார்ப்பதில்லை, உம்மைத்தான் பார்ப்பேன். அது உமக்குத் தெரியாது. றெயில் படம் அன்றைக்கு பம்பலப்பிட்டி மண்டபம் நிறைந்திருந்தது. நீர் எல்லா இடத்திலும் சரியாகச் சிரித்தீர். கடைசிக் காட்சி வந்தது. சிறுமி ஸ்டேசன் மேடையில் தனியே நிற்க, றெயில் மழைக்குள் போகிறது. அந்த மழையை மட்டும் நான் ஒரு மாரி காலம் முழுதும் கீறினேன். திரும்பிப் பார்த்தேன். நீர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நித்திரை. பிரதம விருந்தினரும் பார்த்தார்.

நீர் சிரிக்காவிட்டால் நான் திருத்துவேன். நித்திரை கொண்டால் எதைத் திருத்துவது? வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில், "நல்லாயிருந்தது" என்றீர். அவ்வளவுதான்.

உம்மைக் குறை சொல்லவில்லை. பகலெல்லாம் வங்கி, பின்னேரம் என்னுடைய தாள்களுக்கு இலக்கம் போடுவது. களைத்துப் போனீர். ஆகவே பேட்டி எடுத்த பிள்ளையிடம், மனைவிக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னது பொய்யில்லை. நான் அப்படித்தான் நம்பினேன்.

கதிர்காமநாதன்


கொட்டாஞ்சேனை,
7 பெப்ரவரி

இஞ்சாருங்கோ,

நான் நித்திரை கொள்ளவில்லை.

முதலில் அதை வாசித்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

குசினியில் நீங்கள் எனக்குப் புரட்டிக் காட்டிய முடிவு வேறு. சிறுமி இறங்குகிறாள், தாய் ஒற்றைச் செருப்போடு மேடையில் ஓடி வருகிறாள், மற்றச் செருப்பு தண்டவாளத்தில் கிடக்கிறது. நான் அதைப் பார்த்து அழுதேன், வெங்காயம் என்று சொன்னேன். பிறகு வெளிநாட்டு விழாக்காரர் யாரோ உங்களுக்கு, சோகமாக முடிந்தால்தான் பெரிய படம் என்று எழுதினார். நீங்கள் மாற்றினீர்கள். எனக்குச் சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லாரோடும் சேர்ந்துதான் நானும் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பிள்ளையை மழைக்குள் விட்டுவிட்டு றெயில் போனபோது, கண் திறந்திருந்தால் எழும்பிக் கத்தியிருப்பேன். பிரதம விருந்தினர் பக்கத்தில் இருந்தார். ஆகவே மூடிக்கொண்டேன். நித்திரை இல்லை, கோபம். பஸ்ஸில் சனம் நெருக்கியடித்தபடியால் "நல்லாயிருந்தது" என்றேன். வீட்டுக்குப் போனதும், "உண்மையாச் சொல்லும்" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள்.

பதினொரு வருடம் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். றோஸி இதைக் கேட்டு, "உங்கள் ரெண்டு பேரையும் அந்த ஆட்டுக்கு முன்னால நிக்க வைக்கோணும்" என்கிறாள்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
10 பெப்ரவரி

என் நாகேஸ்,

கோபமா?

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். பிறகு உமக்குப் பிடித்த மாதிரித் தோசையை வேகமாகத் திருப்பினேன், அது கிழிந்தது, சாப்பிட்டேன். நித்திரை கொண்ட ஆளிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. கோபித்த ஆளிடம் எவ்வளவோ கேட்கலாம். நீர் கோபித்தீர் என்றால் படத்தில் வரும் அந்தப் பிள்ளையை நம்பினீர் என்று அர்த்தம். அதைவிட ஒரு இயக்குநருக்கு என்ன வேண்டும்?

சொல்லாமல் மாற்றியது பிழை. அந்தப் பழைய தாள்கள் அலுமாரிக்கு மேல் இருக்கின்றன. இன்றைக்கு இறக்கிப் பார்த்தேன். ஒற்றைச் செருப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. குறுக்கெழுத்து என்று எழுதியது பொய். இருபத்துநாலாம் திகதியிலிருந்து கீறுகிறேன். மேசை, கதிரை, கட்டில் எல்லாம் ஆடு. ஆனால் அந்த யோசனை வரவில்லை. முதல் காலை வைத்துவிட்டு நிற்கிறதே, அந்த இடம். நான் கீறினால் அது பயப்படுவது போல வருகிறது. சனிக்கிழமை உம்மைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன்.

உம்முடைய கதிர்


கொட்டாஞ்சேனை,
13 பெப்ரவரி

அன்புள்ள உங்களுக்கு,

சந்தோசமாகப் பெரிய கடிதம் எழுத இருந்தேன். முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஆட்டைக் காணவில்லை.

செவ்வாய் காலை பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கீழே இறங்கி, ஆடு எங்கே என்று, "கோ எளுவா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். டை கட்டியவர்கூட ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது. வெற்றிலைக் கடைக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தார். மாக்ரெட், "போனாப் போகட்டும், அதுக்கென்ன" என்று சொல்லிக்கொண்டு மீன் கூடையை வைத்துவிட்டு எல்லா ஒழுங்கையும் தேடுகிறாள். றோஸி கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைத்தாள். புவாத் ஓட்டோவில் துறைமுகப் பக்கமெல்லாம் சுற்றினார்.

ஒரு ஆட்டுக்காக இப்படியா என்று நினைப்பீர்கள். நினைக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அது கிடைக்காமல் நான் சனிக்கிழமை வரமாட்டேன். நீங்கள் அங்கே இருந்து கீறுங்கள்.

நாகேஸ்வரி


கொட்டாஞ்சேனை,
24 பெப்ரவரி

என் நாகேஸ்,

ஆட்டைத் தேட ஓடி வந்த என்னை இங்கே விட்டு, வீட்டை ஒருவர் பார்க்க வேண்டும் என்று நீர் வெள்ளவத்தைக்குப் போய் ஒரு கிழமையாகிறது. இரண்டு நாளில் வருகிறேன் என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நடந்ததைக் கேளும்.

நாங்கள் அன்றைக்குக் கொச்சிக்கடைப் பண்டகசாலையின் பின்பக்கம் ஆட்டைக் கண்டபோது, சாக்குக் குவியலில் அதன் இரண்டு குட்டிகளும் ஈரமாக, நிற்கத் தெரியாமல் இருந்தனதானே. நீர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டீர். மாக்ரெட் அவற்றைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இனி அது வீட்டில்தான் நிற்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் தினமும் ஹோல்ட்டில் காத்திருந்தேன். கொண்டக்டர் என்னை, எளு மஹத்தயா, அதுதான் ஆட்டு ஐயா, என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

இன்று காலை வந்தது, பின்னால் இரண்டு குட்டிகளோடு. பஸ் நின்றது. வலது முன்காலை வைத்தது. நின்றது. திரும்பிக் குட்டிகளைப் பார்த்தது. அவற்றால் மிதிபலகையில் ஏற முடியவில்லை, ஒன்று பாய்ந்து முகம் அடிபட்டுக் கத்தியது. யாரும் அவசரப்படவில்லை. கொண்டக்டர் சல்லிப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினார். ஒவ்வொரு கக்கத்திலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். உள்ளே இருந்து யாரோ தமிழில், "சின்னதுகளுக்கு அரை டிக்கட் போடுங்கோ" என்றார்கள். பஸ் முழுதும் சிரித்தது. ஆடு தன் பாட்டுக்கு முன்னுக்குப் போனது.

அந்த யோசனை எனக்கு இப்போது விளங்கிவிட்டது. அது பயமில்லை. பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்க்கிறது. குட்டிகள் வர முதலும் அது அப்படித்தான் நின்றிருக்கிறது, நானும் அதை அப்படியே கீறுகிறேன்.

றோஸியின் முன்னறையில் மேசை போட்டுத் தந்திருக்கிறாள். கீறிய தாள்களின் முதல் கட்டைப் புவாத்திடம் கொடுத்துவிடுகிறேன். பெருவிரலால் மெதுவாகப் புரட்டும். சிரிக்காவிட்டால் எழுதும், கிழிக்கிறேன். முடிவு எப்படி என்று எனக்கே தெரியாது. தெரிந்ததும் முதலில் உமக்குத்தான் சொல்வேன்.

உம்முடைய கதிர்


வெள்ளவத்தை,
25 பெப்ரவரி

அன்புள்ள கதிருக்கு,

பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். கட்டாயம் கவனிப்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

கட்டு வந்தது. புவாத் போகாமல் வாசலில் நின்றார், "அன்ட்டி, நானும் பாக்கட்டா?" என்றார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புரட்டினோம். ஆடு வரிசையில் நின்றது. ஏறியது. யோசித்தது. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வேறு ஏதோ வந்தது. வீட்டில் வெங்காயம் ஒன்றும் உரிக்கவில்லை.

ஒரு குறை. கொண்டக்டரைக் களைத்த ஆளாகக் கீறியிருக்கிறீர்கள். அவர் களைத்தவரில்லை, பெருமைக்காரர். இனி, கக்கத்தில் குட்டிகளோடு ஏறுவதைக் கீறும்போது தலை இன்னும் கொஞ்சம் நிமிர வேண்டும். மற்றபடி ஒரு தாளையும் கிழிக்காதீர்கள்.

வீட்டுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன். கதவை நான் விரும்பியபடி திறக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டு அங்கே வருவேன், குட்டிகளையும் பார்க்க வேண்டும்.

புவாத் போனபிறகும் நான் புரட்டிக்கொண்டே இருந்தேன். மேல் மாடி ஷிம்னா, என் சிரிப்புச் சத்தம் கேட்டு, கையில் பிள்ளையோடு இறங்கி வந்தாள். அவளுக்கும் காட்டினேன். பிள்ளை தாளை எட்டிப் பிடிக்கப் பார்த்தது, பின்னுக்கு இழுத்தேன். கட்டு முடிந்தது. கடைசித் தாளில் ஆடு பஸ்ஸுக்குள் நிற்கிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஒன்றும் கீறவில்லை, வெறும் வெள்ளை.

ஷிம்னா அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, "பொறகு அன்ட்டி?" என்று கேட்டாள்.

"அவர் கீறிக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

நாகேஸ்